கிணற்றடியில் விழுந்தவர்: ஒரு முன்கை எலும்பு முறிவின் நிகழ்வு ஆய்வு

நோயாளி ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறிய குடும்பம். கணவர் இல்லை, படிக்கிற வயதில் ஒரு மகள். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்து சீவிக்கிறார். இடது முன்கை வீங்கி, தலையில் துணிக்கட்டோடு, காலை எட்டு மணியளவில் ஓட்டோவில் வந்தார். கூட வந்தவர் அவருடைய மச்சாள், அதாவது தம்பியின் மனைவி. காரணம் என்னவென்று கேட்க முன்னரே மச்சாள் சொல்லிவிட்டார்: "கிணத்தடியில பாசி டொக்டர். நேற்றுப் பின்னேரம் வழுக்கி விழுந்திட்டா."

இதற்கு மேலே போக முன்பு ஒன்று. ஊர், வயது, உறவு விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவருக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் கண்டவை இந்த ஒரு நிகழ்வுக்குள் சேர்ந்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு ஆரையும் அடையாளம் காணமுடியாது, காணவும் கூடாது.

யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு நடந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். மண்வெட்டிப்பிடியால் உடைந்த கை வராது. ஆனால் கிராமப்புற வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் இருப்பவருக்குத் தெரியும், இரண்டாவது வகைதான் ஓயாமல் வந்துகொண்டிருப்பது. அது வரும்போது தன்னோடு ஒரு கதையையும் கொண்டு வரும். மரத்தால் விழுந்தது, மாடு இடித்தது, சைக்கிளால் சறுக்கியது. கதை வீட்டிலேயே ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கும். எங்களுக்கு முன்னால் இருக்கிற வேலை அந்தக் கதையை உடைப்பதில்லை. காயத்தைக் காயமாகப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைப்பது. இந்தப் பெண்ணின் விடயத்தில் அது ஏன் முக்கியமாயிற்று என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் மணித்தியாலம்

முன்கையில் பத்துப் போட்டு, மட்டை வைத்து, இறுக்கிக் கட்டியிருந்தது. முதல்நாள் இரவே ஊரில் முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியிடம் போயிருக்கிறார்கள். அவர் கட்டிவிட்டு, "இது எலும்பு முறிஞ்சிருக்கு, விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர். அவர் அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த அம்மா வந்தேயிருக்க மாட்டார்.

அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் முதல் வேலை. முன்கைத் தசைகள் இறுகிய உறைகளுக்குள் இருக்கின்றன. முறிவுக்குப் பிறகு உள்ளே வீக்கம் கூடும்போது வெளியே கட்டும் இறுக்கமாக இருந்தால் தசைக்கு இரத்தம் போகாது, சில மணித்தியாலங்களில் தசை செத்துவிடும். இதற்கு மிக நம்பகமான அறிகுறி, விரல்களை நாங்கள் பிடித்து மெதுவாக நிமிர்த்தும்போது வரும் தாங்கமுடியாத வலி. நாடித்துடிப்பு இருக்கிறதென்று நிம்மதியடையக் கூடாது, அது கடைசி வரைக்கும் துடித்துக்கொண்டிருக்கலாம். இவருக்கு அந்த வலி இல்லை. சின்னவிரலில் உணர்ச்சி சரி, விரல்களை அகட்டவும் முடிந்தது.

தலைக்காயத்தில் கோப்பித்தூள் அப்பியிருந்தது. இரத்தம் நிற்பதற்காக எங்கள் ஊரில் இன்னும் செய்கிற வேலை. அதைச் சேலைன் விட்டுக் கழுவி, சுற்றியுள்ள மயிரை மழித்துப் பார்த்தபோது, இடப்பக்கம், காதுக்கு மேலே, உச்சிக்குக் கிட்ட நாலு சென்ரிமீற்றர் நீளமான காயம். பார்த்தவுடன் கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தது. மண்டைத் தோலுக்குக் கீழே உடனேயே எலும்பு இருப்பதால் மழுங்கிய பொருளால் அடித்தாலும் தோல் நேராகப் பிளக்கும். வித்தியாசம் உள்ளேதான் தெரியும். விளிம்பை விரித்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், வெட்டுக்காயத்தில் இரண்டு பக்கமும் சுத்தமாகப் பிரிந்திருக்கும். கிழிகாயத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்லிய இழையங்கள் அறாமல் குறுக்கே நிற்கும், விளிம்பு நசிந்திருக்கும். இவருக்கு இருந்தது கிழிகாயம். இதையெல்லாம் தையல் போட முன்னரே பார்த்து, அளந்து, சம்மதம் கேட்டுப் படமும் எடுத்துவிட வேண்டும். தைத்த பிறகு அந்த விளிம்புகளை எந்த நிபுணராலும் திரும்பக் காணமுடியாது.

மயக்கம் வரவில்லை, சத்தி எடுக்கவில்லை, நினைவு தெளிவு. தலையைத் தைத்து, ஏற்பு ஊசி போட்டு, தலைக்காயத்துக்கான அவதானிப்புக்காக விடுதியில் அனுமதித்தோம்.

எக்ஸ்ரே என்ன சொன்னது

முன்கையில் இரண்டு எலும்புகள். பெருவிரல் பக்கம் ஆரை, சின்னவிரல் பக்கம் அரந்தி. கால் வழுக்கி விழுகிற ஒருவர் அநேகமாகக் கையை நீட்டி நிலத்தில் ஊன்றுவார். பாரம் உள்ளங்கை வழியாக ஆரைக்குப் போகும். அதனால் விழுந்து உடைவது மணிக்கட்டுக்குக் கிட்ட ஆரையின் கீழ் முனைதான். ஐம்பது தாண்டிய பெண்களில் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது அந்த முறிவைத்தான்.

இவருடைய ஆரையில் ஒரு கீறலும் இல்லை. அரந்தி மட்டும், அதுவும் தண்டின் நடுவில், குறுக்கே முறிந்திருந்தது.

முகத்தை நோக்கி ஒரு பொல்லு வரும்போது நாங்கள் எல்லோரும் யோசிக்காமல் செய்கிற காரியம், முன்கையைத் தூக்கி முகத்தை மறைப்பது. அப்போது வெளியே திரும்பி நிற்பது அரந்தியின் பக்கம். அந்த எலும்பு தோலுக்கு நேர்கீழே கிடக்கிறது, இடையில் தசை இல்லை. அடி நேராக அதிலேயே விழும். பொலிஸ்காரர் வைத்திருக்கும் பொல்லின் பெயரிலேயே ஆங்கில மருத்துவ நூல்கள் இந்த முறிவை நைற்ஸ்ரிக் முறிவு என்று அழைக்கின்றன.

இதைக் கண்டதும் "அடிதான்" என்று துள்ளக்கூடாது. விழும்போது முன்கை கிணற்றுக் கட்டின் விளிம்பில் போய் மோதினாலும் அரந்தி தனியே முறியலாம். ஒரு முறிவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொன்று, அரந்தித் தண்டு முறிந்திருந்தால் முழங்கையும் மணிக்கட்டும் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுக்கவேண்டும். முழங்கையில் ஆரையின் தலை விலகியிருக்கக்கூடும். மொன்ரேஜியா காயம் என்ற அதைத் தவறவிட்டால் கை நிரந்தரமாக மடங்காமல் போகும். இவருக்கு விலகவில்லை.

உடம்பின் மற்றப் பகுதிகளையும் பார்த்தோம். பார்ப்பதற்குத் திரையும் பெண் தாதியும் தேவை, கொஞ்ச நேரமும் தேவை. நெரிசலான காலை வேளையில் இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போவதால்தான் இப்படியான காயங்கள் "விழுந்தது" என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்குத் திரும்பிப் போகின்றன.

உள்ளங்கைகளில் உராய்வு இல்லை. முழங்கால்களிலும் இல்லை. பாசியில் சறுக்கி விழுந்த உடம்பு இது என்றால் இந்த இடங்களில் ஏதாவது இருந்திருக்க வேண்டும். இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் இரண்டு கண்டல்கள். ஒவ்வொன்றும் தண்டவாளம் போல இரண்டு சமாந்தரக் கோடுகள், நடுவில் தோல் வெளிறிக் கிடந்தது. உருண்டையான தடி வேகமாகப் படும்போது அடிபட்ட நடுப்பகுதியின் இரத்தம் இரு பக்கமும் தள்ளப்படும், விளிம்புகளில் நுண்குழாய்கள் இழுபட்டு வெடிக்கும். அதனால்தான் இந்த வடிவம். கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் தடியின் தடிப்பைக் கிட்டத்தட்டச் சொல்லும். நிலத்தில் விழுந்து முதுகில் இப்படி ஒரு அடையாளம் வர வழியே இல்லை.

இடது மேற்கையின் உட்பக்கம் நாலு வட்டக் கண்டல்கள், விரல் நுனி அளவு. ஆரோ இறுக்கிப் பிடித்த தடம். அவற்றின் ஓரம் மஞ்சளித்திருந்தது. கண்டலின் நிறத்தை வைத்து நாள் கணிப்பது பெரும்பாலும் நம்பத்தகாத வேலை. மூன்று நாள், ஐந்து நாள் என்று எழுதுகிறவர்கள் நீதிமன்றத்தில் திண்டாடுவார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: அடிபட்டு 18 மணித்தியாலங்களுக்குள் மஞ்சள் நிறம் தோன்றுவதில்லை. எங்கள் தோல் நிறத்தில் அது கண்ணுக்குப் படவும் கடினம், மேற்கையின் உட்புறம் வெளிறலாக இருப்பதால் தெரிந்தது. இவர் "விழுந்து" பதினான்கு மணித்தியாலம்தான். ஆகவே அந்தப் பிடி நேற்றைய பின்னேரத்துக்கு முந்தியது.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய காயம் அதுதான். கை உடைந்தது ஒரு நாளில் நடந்த விடயம். அந்த நாலு விரல் தடங்கள் இது முதல் முறை இல்லை என்று சொல்லின. முதல் முறை இல்லையென்றால் அடுத்த முறையும் உண்டு.

தனியே கேட்டபோது

மச்சாளை விடுதிக்குத் தேவையான உடுப்பும் போத்தலும் எடுத்துவர வீட்டுக்கு அனுப்பினார் தாதி. அனுபவமுள்ள தாதிகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: "அம்மா, நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறன். ஆனா முதுகில இருக்கிற அடையாளம் விழுந்து வாறது இல்லை. நீங்கள் சொல்ல விரும்பினாச் சொல்லுங்கோ. சொல்லாட்டிலும் மருந்து ஒண்டும் குறையாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதாதேங்கோ பிள்ளை. தம்பிதான். அவனை மறியலில போட்டிடுவாங்கள். அவன்ர பிள்ளையள் என்ன செய்யும்?"

மண்வெட்டிப்பிடி. தம்பி வெறியில் இருந்தார். பத்து நாட்களுக்கு முன்பு கையைப் பிடித்து இழுத்து வேலிக்கு அப்பால் தள்ளியதும் அவர்தான்.

இப்படியான தருணத்தில் குறிப்பில் என்ன எழுதுவது என்பது பற்றி இளம் மருத்துவர்களுக்குத் தடுமாற்றம் வருவதைக் கண்டிருக்கிறேன். சிலர் முதல் கதையை வெட்டிவிட்டு இரண்டாவதை எழுதுவார்கள், சிலர் நோயாளி கெஞ்சியதால் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். இரண்டும் பிழை. முதலில் சொன்னது, ஆர் சொன்னது, ஆர் பக்கத்தில் நின்றார், எத்தனை மணி. பிறகு தனியே சொன்னது, அவருடைய வாய்ச்சொல்லிலேயே, மேற்கோளுக்குள். அதன் பிறகு காயங்கள். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. வழக்கு விளக்கத்துக்கு வருவதற்கு வருடங்கள் போகும், அப்போது அந்த மருத்துவர் வேறு மாகாணத்தில் இருப்பார், நினைவில் ஒன்றும் மிஞ்சியிராது. பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் விடுதிக் குறிப்பேட்டில், அன்று காலை எழுதியது மட்டும் மிஞ்சும்.

அவருக்கு நான் விளக்கியது, காயத்தை எழுதுவதும் தம்பியை மறியலுக்கு அனுப்புவதும் ஒன்றில்லை என்பதை. உடனே முடிவெடுக்கும்படி நெருக்கவில்லை. வைத்தியசாலையின் நட்பு நிலையத்திலிருந்து ஒரு தாதி வந்து பேசினார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரச வைத்தியசாலைகள் பலவற்றில் மித்துரு பியச என்ற பெயரில் நடக்கும் பிரிவின் தமிழ்ப் பெயர் அது. அவர் கேட்ட முதல் கேள்வி, "மகள் இப்ப எங்க நிக்கிறா?" மகள் அதே வளவில், மாமன் வீட்டுக்குப் பக்கத்தில், தனியே. அன்றே பெரியம்மா வீட்டுக்குப் போக ஒழுங்கு செய்யப்பட்டது. அந்தக் கேள்வி என் வாயில் முதலில் வராது. அதற்குத்தான் அப்படி ஒருவர் தேவை.

மறுநாள் அவராகவே பொலிஸுக்குச் சொல்லச் சம்மதித்தார். வைத்தியசாலைப் பொலிஸ் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தைக் கொண்டு வந்தார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவு எவையெல்லாம் கடுங்காயம் என்று வரிசைப்படுத்துகிறது. எலும்பு முறிவு அதில் நேரடியாக வருகிறது. இருபது நாட்களுக்குத் தன் வழமையான தொழிலைச் செய்யமுடியாமல் போவதும் வருகிறது. ஆகவே படிவத்தில் கடுங்காயம் என்றே குறிக்கப்பட்டது. ஊரில் "சும்மா ஒரு தடியடி" என்று பேசப்பட்டது சட்டத்தின் கண்ணில் அப்படிச் சும்மா இல்லை.

வேலி

காணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காயத்தைச் சொல்லி முடிக்க முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது. பிறகு அது உயர்பாதுகாப்பு வலயம். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகுதான் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. திரும்பி வந்தபோது கதியால் வேலிகள் இல்லை, எல்லைக் கற்கள் இல்லை, அடையாளத்துக்கு நின்ற பனைகளும் இல்லை. இந்த அம்மாவுக்குச் சீதனமாக வந்தது நாலு பரப்பு. பக்கத்துத் துண்டு தம்பிக்கு. கிணறு அம்மாவின் பக்கம், உறுதியில் தம்பிக்கும் நீர் அள்ளும் பங்கு உண்டு. கல்லும் மண்ணும் மூடிக் கிடந்த அந்தக் கிணற்றை நகையை அடகு வைத்துத் துப்புரவாக்கி இறைத்தவர் அக்கா. தோட்டம் பெருத்ததும் மோட்டர் போட்டு இறைக்க வந்தவர் தம்பி. ஆற்று நீர் இல்லாத குடாநாட்டில் வெங்காயத்துக்கு ஒரு முறை தண்ணீர் தவறினால் என்ன ஆகுமென்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் மோட்டர் நேரம், வாய்க்கால், இரண்டு அடி எட்டிப் போட்ட கதியால் என்று வளர்ந்தது.

தம்பி குடித்திருந்தார் என்பதை எல்லோரும் முதலில் சொன்னார்கள். அது உண்மைதான், படிவத்திலும் இருக்கிறது. ஆனால் குடித்துவிட்டு அவர் சந்தியில் நின்றவர்களை அடிக்கவில்லை, தவறணையில் பக்கத்தில் இருந்தவரை அடிக்கவில்லை. கணவர் இல்லாத, திருப்பி அடிக்க ஆளில்லாத அக்காவின் வளவுக்குள் போய் அடித்தார். "வெறியில செய்தது" என்று முடித்துவிட்டால் இந்தப் பகுதி மறைந்துபோகிறது.

இந்தச் சண்டையைக் காயம் வர முன்னரே கையாளச் சட்டத்தில் வழி இருந்தது. காணித் தகராறால் அமைதி குலையும் என்று தெரிந்தால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் "அறுபத்தாறு" என்றாலே விளங்கும். அம்மா மோட்டர் பிரச்சினைக்காக ஒரு தடவை முறைப்பாடு கொடுத்திருந்தார். இரண்டு பகுதியையும் கூப்பிட்டு, "சகோதரங்கள்தானே, சமாதானமாப் போங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். கை உடைந்த பிறகும் உறவினர்கள் சொன்னது அதைத்தான், இம்முறை விதானையாரையும் கூட்டிக்கொண்டு.

சமாதானத்துக்கு நான் எதிரில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் எத்தனையோ வேலிச் சண்டைகளை நல்லபடியாகத் தீர்த்திருக்கின்றன. ஆனால் ஒருவர் கையில் மாபிளாஸ்ரருடனும் மற்றவர் அதே வளவில் மண்வெட்டியோடும் இருக்கும்போது பேசப்படுவது பேச்சுவார்த்தை என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் பாதுகாப்பு, பிறகு பேச்சு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதென்று பலர் நினைக்கிறார்கள். சகோதரரும் அதற்குள் வருகிறார். நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ விண்ணப்பிக்கலாம், பாதுகாப்புக் கட்டளையைப் பன்னிரண்டு மாதங்கள் வரை கொடுக்கலாம். இந்த அம்மாவுக்கு அது கிடைத்தது.

பின்தொடர்தல்

முறிவு அரைவாசிக்கும் குறைவாகவே விலகியிருந்தது, கோணமும் பத்துப் பாகைக்குள். சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. வீக்கம் வற்றும் வரை அரைக்கட்டு, பிறகு முழுக்கட்டு. அரந்தியின் நடுத்தண்டு ஆறுதலாகப் பொருந்துகிற இடம், ஆறு வாரத்தில் புது எலும்பு படத்தில் தெரியத் தொடங்கி, பத்தாவது வாரத்தில்தான் பொருந்தியது. மணிக்கட்டை மல்லாத்தித் திருப்புவதில் கொஞ்சம் குறை நின்றது, உடற்பயிற்சியால் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

அந்தப் போக வெங்காயம் போய்விட்டது. தண்ணீர் மாறக் கை இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு இல்லை, அடகு வைத்த நகை மூழ்கும் நிலைக்கு வந்தது. வைத்தியசாலை இலவசம் என்பதால் இப்படியான காயத்தின் செலவு ஒருவருடைய கணக்கிலும் வருவதில்லை. கிளினிக்குக்கு வந்தபோதெல்லாம் அவர் கையை விடத் தோட்டத்தைப் பற்றியே பேசினார். சமூகசேவை அலுவலரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினோம், சிறு உதவி கிடைத்தது.

கிராமப்புற வைத்தியசாலைகளில் வேலை செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அரந்தி மட்டும் முறிந்த கையை எக்ஸ்ரேயில் கண்டால், கட்டுப் போட அனுப்ப முன்பு முதுகையும் மேற்கையின் உட்புறத்தையும் ஒருக்கால் பாருங்கள், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். ஆண் நோயாளி என்றாலும் அதே. ஆண்களும் தமையனிடமோ மகனிடமோ அடி வாங்கிவிட்டுப் பனையால் விழுந்ததாகச் சொல்லுகிறார்கள், அவர்களை ஒருவரும் கேட்பதே இல்லை. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் கூப்பிடுகிற அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, ஆனால் இப்படியான காயக்காரர் அதைக் கூப்பிடமாட்டார்கள். ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். அவர்கள் ஓட்டோவில், அடுத்தநாள், அடித்த வீட்டு ஆளோடுதான் வருவார்கள்.

சட்ட மருத்துவ அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. காணியைச் சேர்வேயர் அளந்திருக்கிறார், பிரிவினை வழக்கு தனியே நடக்கிறது. பாதுகாப்புக் கட்டளை முடிகிற திகதியை நட்பு நிலையத்துத் தாதி குறித்து வைத்திருக்கிறார், அதற்கு ஒரு மாதம் முன்பு அம்மாவைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மகள் இன்னும் பெரியம்மா வீட்டில்தான். சாட்சி சொல்ல எனக்கு அழைப்பு இதுவரை வரவில்லை.